மங்லியே குடித்தால் திட்ட வேண்டும்

அப்பாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். "போய் மங்லியே பறிச்சிட்டு வாடா" என்றார். பிரெஞ்சு பேசும் எங்கள் பாயூ, அதாவது சதுப்பு ஓடைக் கரையில், காய்ச்சலுக்கு டாக்டர் இரண்டாம் பட்சம்தான். சதுப்பு ஓரத்தில் ஆளுயரம் வளர்ந்து, அக்டோபரில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துத் தொலைக்கும் அந்தப் புதருக்குத்தான் முதல் மரியாதை. இலைக் கஷாயம் அவ்வளவு கசக்கும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு சலுகை உண்டு: குடிப்பவர் என்ன கெட்ட வார்த்தை வேண்டுமானாலும் சொல்லலாம். எதிரே பாதிரியார் உட்கார்ந்திருந்தாலும் செல்லும். அப்பா அரை மணி நேரம் திட்டுவார்.

படகில் போய்ப் பறிப்பதுதான் வழக்கம். நான் கல்லூரியில் படிப்பவன் என்பதால் காரில் போனேன். வெள்ளத்தடுப்புக் கரையோரம் அதே மாதிரி புதர். கிளையோடு ஒடித்து வந்து கொதிக்கவைத்தேன். ஒரு கரண்டி குடித்துப் பார்த்தேன். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? கோப்பையைக் கட்டிலருகே வைத்துவிட்டு ஐஸ் வாங்கக் கிளம்பினேன்.

கடையில் த்ரெவில் அண்ணன் நின்றார். பெரியப்பா மகன். கரையோரக் களைக்கு மருந்தடிக்கும் வேலை.

"என்னடா அல்சிட், விரலெல்லாம் நீலம்?"

"பேனா மைண்ணே."

"எங்க மருந்தும் இதே கலர்தான். அடிச்ச இடம் தெரியணும்னு சாயம் கலப்போம். இன்னிக்குக் காலையில கரையோரம் பூரா அடிச்சாச்சு."

நான் பேனாவைத் தொட்டு ஒரு மாதம் ஆகிறது.

"அண்ணே, அதைக் குடிச்சா?"

"டப்பாவுல 'குடிக்காதே'ன்னு போட்டிருக்கு. அதுக்கு மேல நான் படிச்சதில்ல." என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. "யார்டா குடிச்சது?"

வீட்டுக்கு மூன்று மைல். நான்கு முறை போன் அடித்தேன். அப்பா எடுக்கவில்லை. வீட்டுப் படியில் நின்று காது கொடுத்தேன். ஒரு திட்டும் கேட்கவில்லை. என் வாழ்நாளில் ஒரு கெட்ட வார்த்தைக்கு இப்படி ஏங்கியதில்லை.

கோப்பை காலி. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். தொட்டேன். கை ஜில்லென்று வியர்த்திருந்தது.

"அப்பா! அப்பா!"

"கத்தாதடா. இப்பத்தான் கண் அசந்தேன்."

"குடிச்சீங்களா?"

"எதை? பானையில எட்டிப் பார்த்தேன். இலை எதிரெதிரா ஜோடி போட்டு நிக்குது. மங்லியே ஒண்ணு விட்டு ஒண்ணு வரும். மங்லியேயைக் கூப்பிடுடான்னா பக்கத்து வீட்டுக்காரனைக் கூட்டிட்டு வந்திருக்க. ஜன்னல் வழியா ஊத்திட்டேன்."

தரையில் உட்கார்ந்தேன். மருந்தடித்ததைச் சொன்னேன்.

"சரி விடு, யாரும் குடிக்கலையே."

நான் நீல விரல்களைச் சட்டையில் துடைத்தேன்.

"டேய்."

"ஒரு கரண்டிப்பா."

அப்பா எழுந்து ரப்பர் பூட்ஸைத் தேடினார். முகம் வெளுத்திருந்தது, காய்ச்சலால் அல்ல. அதற்குள் த்ரெவில் அண்ணன் போன்; நான் ஒரு கரண்டி குடித்ததைச் சொன்னேன். டாக்டரைக் கேட்டுவிட்டுத் திரும்ப அடித்தார்: ஒரு கரண்டிக்குப் பயமில்லையாம், சாயங்காலம்வரை கண் வைக்கணுமாம்.

"டாக்டர் கிடக்கட்டும்" என்று அப்பா காய்ச்சலோடு படகை எடுத்துக்கொண்டு மங்லியே பறிக்கப் போனார்.

நான் வயிற்றைப் பிடித்தபடி ஒவ்வொரு நிமிடமும் விரலை முகர்ந்துகொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து என் முன்னால் ஒரு கோப்பை வந்தது.

குடித்தேன். சலுகையை பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் முழுசாகப் பயன்படுத்தினேன்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் திட்டுடா" என்றார்.