டிக்கியில் ஒரு கை

கறுப்பு வெள்ளைப் படத்தில் வந்த காருக்கு என்ன நிறம் என்று கேட்டால் நான் என்ன சொல்ல? பெயின்ட் அடிப்பது என் தொழில், குறி சொல்வது இல்லை. இதை யூனுஸ் பாயிடம் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, கயிறு கட்டி இழுத்துவந்த காரை என் பட்டறை வாசலில் விட்டுவிட்டுப் போனார்.

என் பெயர் அந்தோணிமுத்து. பாபநாசத்தில் கும்பகோணம் சாலையோரம் பட்டறை. நான் சொல்வது தொண்ணூற்றெட்டாம் வருஷத்துக் கதை. சாலையில் தினுசு தினுசாகப் புதுக் கார்கள் வர ஆரம்பித்திருந்தன. கம்பெனியிலேயே பளபளவென்று பூசி அனுப்பிவிடுகிறான். எங்காவது இடித்துக்கொண்டால் ஒழிய எவனும் என்னைத் தேடி வருவதில்லை. கைவேலை இல்லாததால்தான் பாயின் காரை ஒத்துக்கொண்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதிப் பொய். அது என்ன நிறம் என்று எனக்கே தெரிந்தாக வேண்டியிருந்தது.

யூனுஸ் பாய் கூத்தாநல்லூர்க்காரர். முப்பத்தைந்து வருஷம் சிங்கப்பூரில் துணிக்கடையில் நின்றவர். போன புதிதில் ஊர் ஏக்கம் தாங்காமல் ஒரே படத்தைப் பதினோரு தடவை பார்த்திருக்கிறார். படத்தின் கதை அவருக்கு மறந்துவிட்டது. ஒரு காட்சி மட்டும் மறக்கவில்லை. நடவு நடக்கும் வயல்களுக்கு நடுவே, குடமுருட்டி ஆற்றின் கரைமேல், படகு நீளத்துக்கு ஒரு அமெரிக்கக் கார் சத்தமில்லாமல் மிதந்து வரும். கதாநாயகி தானே ஓட்டி வருவாள். அந்த ஒரு காட்சியால் நடிகையைவிடக் கார் அதிகமாகப் பேர் வாங்கிவிட்டது.

அந்தக் கார்தான் இது என்று தரகர் சொன்னதை நம்பி பாய் வாங்கிவிட்டார். மெட்ராஸில் இன்னொருவர், தன்னிடம் இருப்பதுதான் நிஜமான கார் என்று பத்திரிகையில் போட்டோவோடு நின்றார். பாயின் மனைவி கமருன்னிஸா கறாரான பெண்மணி. அந்தக் கார்தான் என்று நிரூபித்தால் கொட்டகையில் நிற்கட்டும், இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பாய் அன்று முதல் சரியாகச் சாப்பிடவில்லை.

படப்பிடிப்பைப் பார்த்தவர்களைத் தேடி டீக்கடை டீக்கடையாக விசாரித்தோம். ஏழு பேர் கிடைத்தார்கள். ஏழு பேரும் ஏழு நிறம் சொன்னார்கள். ஒருவர் தங்க நிறம் என்று சத்தியமே செய்தார். வாயை நம்பிப் பிரயோஜனமில்லை என்று நான் வாட்டர் பேப்பரை எடுத்தேன்.

தண்ணீர் விட்டுத் தேய்க்கத் தேய்க்கக் காரின் வயது குறைந்துகொண்டே வந்தது. மேலே கல்யாண வாடகைக்காக அடித்த சிவப்பு. அதற்குக் கீழே கறுப்பு. அந்தக் கறுப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படிப்பட்ட காருக்கு எந்த மடையனாவது பிரஷ்ஷால் பூசுவானா? அதுவும் கீழே இருந்ததைத் தேய்க்காமல், அப்படியே கட்டியாக அப்பியிருந்தான். வாய்விட்டுத் திட்டிக்கொண்டே தேய்த்தேன். கறுப்புக்குக் கீழே பச்சை வந்தது. அப்போதுதான் விரிந்த வாழைக்குருத்தின் பச்சை.

பின்னால் டிக்கிக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. பச்சைக்கு நடுவே கறுப்பாக ஒரு கை தெரிந்தது. ஐந்து விரலும் உள்ளங்கையும். பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பச்சை ஈரமாக இருந்தபோது யாரோ கை வைத்து அழுத்தியிருக்கிறார்கள். பதிந்த பள்ளத்தில் கறுப்பு இறங்கி உட்கார்ந்துவிட்டது. மேடெல்லாம் தேய்ந்த பிறகு பள்ளம் மட்டும் கறுப்பாக நின்றது. இடது ஓரத்தில், தாழ்வாக, சின்னதாக ஒரு இடது கை. அதன் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் பட்டறைக்கு வந்தபோது பாய் எனக்கு முன்பே வந்து, டிக்கி எதிரே டயர்மேல் உட்கார்ந்திருந்தார். அப்போது ஒரு புருஷனும் பெண்சாதியும் உள்ளே வந்தார்கள். மருதையன், கண்ணாத்தாள். குடமுருட்டிக் கரை ஊர். அந்தக் காலத்தில் மிராசுதார் பண்ணையில் கூலி வேலை. இப்போது சொந்தமாக ஒன்றரை ஏக்கர். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஞாயிறுதோறும் அவனோடு பேச எஸ்.டி.டி. பூத்துக்கு வருகிறவர்கள், டீக்கடையில் எங்கள் விசாரணையைக் கேள்விப்பட்டு வந்திருந்தார்கள்.

மருதையன் உட்காராமலே ஆரம்பித்துவிட்டார். கார் மிராசுதாருடையதாம். படக்காரர்கள் கேட்டதும் புதிதாகப் பெயின்ட் அடித்துக் கொடுத்தாராம். ஐப்பசி மழை, பெயின்ட் காயவில்லை. கரை ஏறும்போது இன்ஜினும் நின்றுவிட்டது. படத்தில் கார் மிதந்து வருகிறதே, அது ஓடவே இல்லையாம். பின்னால் குனிந்துகொண்டு, அவரையும் சேர்த்துப் பன்னிரண்டு ஆண்கள் தள்ளினார்களாம். பலமுறை சொல்லிப் பழகிய கதை என்பது கேட்கும்போதே தெரிந்தது.

அவர் சொல்லி முடிப்பதற்குள் கண்ணாத்தாள் காரைச் சுற்றி வந்து, பின்பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது என் கை” என்றார்.

மருதையன் சிரித்தார். “நீ எங்கடி அங்க வந்த?”

“நீங்க பன்னெண்டு பேரு தள்ளுனீங்களே, வண்டி நவுந்துச்சா?”

கண்ணாத்தாள் நிமிர்ந்தார்.

“நடவுல நின்ன பொம்பளைங்க ஆறு பேரக் கரையேறி வரச் சொன்னாங்க. அதுக்கப்புறந்தான் நவுந்துச்சு.”

அப்போது கண்ணாத்தாளுக்குப் பதினைந்து வயது. நன்னிலம் பக்கத்திலிருந்து அத்தை வீட்டுக்கு நடவு வேலைக்கு வந்திருந்தார். அதற்கு முந்தின அறுப்பில் அரிவாள் பட்டுச் சுண்டுவிரல் பாதி போயிருந்தது. இடது கையை அந்தச் சின்னக் கையின்மேல் வைத்தார். பாதி விரல் உட்பட அச்சாகப் பொருந்தியது. பாய் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அல்லாவுக்கு நன்றி சொன்னார்.

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று மருதையன் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள்தானே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், நான் எப்போது சொல்வது என்று கண்ணாத்தாள் திருப்பிக் கேட்டார்.

எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கறுப்பை ஏன் அப்படி அப்பினார்கள் என்று மருதையனிடம் கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார். அவருடைய கதை எப்போதும் கார் நகர்ந்ததோடு முடிந்துவிடும் போலிருக்கிறது.

கண்ணாத்தாள்தான் சொன்னார். “எங்க கை பட்டுருச்சில்ல. வீட்டு வாசலுக்குக் கார் வரக்கூடாதுன்னுட்டாரு மிராசுதாரு. நாலு நாள் களத்துலயே கெடந்துச்சு. அப்புறம் கறுப்ப வாங்கியாந்து பூசுனாங்க. பூச வந்தவன், அந்தக் கைங்க மேல கைய வச்சுத் தேய்க்க மாட்டேன்னுட்டான்.”

நான் திட்டிய மடையன் மடையன் இல்லை, அதைவிட மோசமானவன். ஆனால் அவன் ஒழுங்காகத் தேய்த்திருந்தால் இந்தக் கைகள் அன்றைக்கே போயிருக்கும். தொட்டது தெரியக்கூடாது என்று பூசியதே தொட்ட கையை நாற்பது வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறது. எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

கார் முழுக்க அதே பச்சை, டிக்கியில் மட்டும் நிறம் வேண்டாம், மேலே கண்ணாடி மாதிரி லாக்கர் பூச்சு மட்டும் போதும் என்று பாய் சொல்லிவிட்டார். கமருன்னிஸா வந்து பார்த்தார். அந்தச் சின்னக் கையை நெடுநேரம் பார்த்துவிட்டு, பழைய இரும்புப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். உங்களுக்கு என்ன செய்யட்டும் என்று பாய் கேட்டதற்குக் கண்ணாத்தாள் பணமோ புடவையோ கேட்கவில்லை. “ஒரு தடவ உள்ள உக்காந்து பாக்கணும்” என்றார்.

தை மாதம் வேலை முடிந்தது. முதல் ஓட்டம் குடமுருட்டிக் கரைக்குத்தான். பாய் ஓட்டினார். பக்கத்தில் மருதையன், பின் சீட்டில் நானும் கண்ணாத்தாளும். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, விளைந்து நின்ற வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். மடியிலிருந்த கை அவ்வப்போது மட்டும் சீட்டைத் தடவிப் பார்த்தது.

கரை ஏறும் இடத்தில் இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. நாங்கள் மூன்று ஆண்களும் இறங்கினோம். மருதையன் பழக்கதோஷத்தில் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

“எறங்கு. ஒரு கை குடு.”

கண்ணாத்தாள் அசையவில்லை.

“நான் போன தடவையே தள்ளிட்டேன்” என்றார்.

மருதையன் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார். நாங்கள் மூவரும் பின்னால் போய்க் குனிந்து தள்ளினோம். வண்டி நகரவில்லை. கண்ணாத்தாளும் இறங்கவில்லை.