ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறங்காது

டெல்சிக்கு இணையதளங்களைப் பற்றி அபிப்பிராயங்கள் இருந்தன. நாகர்கோவில் வடசேரியில் மெத்தைக்கடை மாடியில் இருந்த அந்த வெப் டிசைன் கம்பெனியில் ஆறு பேர் வேலை பார்த்தார்கள். அபிப்பிராயம் வைத்திருந்தது அவள் ஒருத்திதான். திறந்த உடனே பாட்டுப் போடுகிற தளம் அவளுக்கு ஆகாது. எழுத்து வலமிருந்து இடமாக ஓடினால் ஆகாது. இதுவரை வந்தவர்கள் எத்தனை பேர் என்று கீழே எண்ணிக் காட்டுவது ஆகவே ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஆகாதது, உள்ளே நுழைகிற ஆளுக்கு முன்னால் வந்து நின்று கேள்வி கேட்கும் பாப்-அப் பெட்டி. வீட்டுக்கு வந்தவரை வாசற்படியில் மறித்துக் கேள்வி கேட்போமா, அது என்ன மரியாதை என்பாள்.

முதலாளி செல்வதாஸ் பொறுமைசாலி. இதையெல்லாம் ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும், கஸ்டமருக்குப் பெட்டி வேண்டுமாம், போட்டுவிடு என்பார். அவளும் போட்டுவிடுவாள். அந்தச் சமயம், 2013இல், கையில் இருந்த வேலை களியக்காவிளை வாழைக்குலை மொத்த வியாபாரி ஒருவருடையது. தளத்தைத் திறந்ததும் ‘மொத்தமா, சில்லறையா?’ என்று கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவர் சில்லறை விற்பதே இல்லை. பின்னே எதற்குக் கேள்வி என்று டெல்சி போனில் கேட்டாள். ஒரு மரியாதைக்குத்தான் என்றார் அவர்.

இப்படியே போனால் தலை வெடித்துவிடும் என்றுதான் இரண்டு வருஷத்துக்கு முன்பே அவள் கம்ப்யூட்டர் கேம் ஒன்று செய்ய ஆரம்பித்திருந்தாள். கேம்களைப் பற்றியும் அபிப்பிராயம் இல்லாமலா? மதிப்பெண் கொடுத்து ஒருவரை விளையாட வைத்தால் அது விளையாட்டு இல்லை, டியூஷன். ஆகவே அவளுடைய கேமில் மதிப்பெண் இல்லை. சுட எதிரி இல்லை, ஏற லெவல் இல்லை. ஒரு ஆள், ஒரு வள்ளம், முன்னால் கடல். காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துப் போக வேண்டும், கிடைத்தால் மீன், கிடைக்காவிட்டால் திரும்பி வர வேண்டும். பேர் ‘வள்ளம்’. வேலை முடிந்து, இரணியல் வரை ரயில், அங்கிருந்து கடற்கரை ஊருக்குப் பஸ் என்று வீடு வந்து, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து செய்தாள்.

விளையாடிப் பார்த்துக் குறை சொல்ல அவளுக்குக் கிடைத்த ஆள் அப்பா கிளீட்டஸ். பதினான்கு வயதில் கடலில் இறங்கியவர், இப்போது ஐம்பத்தெட்டு. அதிகம் பேசமாட்டார். ஏதாவது பிடித்துப்போனால் ‘கொள்ளாம்’ என்பார், வருஷத்துக்கு இரண்டு தடவை சொன்னால் பெரிது. டெல்சி அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள் என்று சொன்னால் கோபப்படுவாள், ஆனால் அதுதான் உண்மை.

கிளீட்டஸுக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். முதல் தடவை பூசை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, பனியனோடு லாப்டாப் முன்னால் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் அம்புக்குறியை அழுத்தினார். வள்ளம் மணலை விட்டு இறங்கி இரண்டு முழம் போனது. விரலை எடுத்துவிட்டார்.

“இன்னைக்கு ஞாயிறு இல்லியா மக்கா?”

இது கேம் அப்பா, கம்ப்யூட்டருக்கு ஏது ஞாயிறு என்றாள் டெல்சி. திரையின் கீழ்மூலையில் தேதி காட்டுகிறதே, அதற்குத் தெரியாமலா காட்டுகிறது என்று கேட்டார். அந்த ஊரில் சனி சாயங்காலத்திலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரை ஒரு வள்ளமும் இறங்காது. மீன் கரைக்கு வந்து கூப்பிட்டாலும் போகமாட்டார்கள். யாராவது போனால் ஊர்க்கமிட்டி அந்த வள்ளத்தை ஒரு வாரம் கரையில் ஏற்றிப் போட்டுவிடும். இருபத்தேழு வருஷமாக அங்கே வாழ்கிறவள், ஞாயிற்றுக்கிழமை இல்லாத கடல் ஒன்றைக் கட்டி வைத்திருந்தாள்.

அன்றைக்கே மாற்றினாள். கம்ப்யூட்டரின் தேதி ஞாயிறு என்று சொன்னால் வள்ளம் மணலை விட்டு அசையாது. அடுத்த ஞாயிறு அப்பா வந்து உட்கார்ந்தார். வள்ளம் அசையவில்லை. அவரும் அசையவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்க வெறும் மணல்தான் இருந்தது, டெல்சிக்கே பாவமாகப் போயிற்று. அதனால் கரையைச் செய்ய ஆரம்பித்தாள். கோயில் மணி, ஓலைக் கொட்டகை, அதன் கீழே சீட்டாடுகிற நாலு பேர், பொத்துவதற்கு ஒரு கிழிந்த வலை. ஒன்றுமே தொடாமல் அரைமணி நேரம் சும்மா இருந்தால் ஒரு செவலை நாய் வந்து வள்ளத்தின் நிழலில் படுக்கும். ஆறு நாளுக்கான கடலைச் செய்ததைவிட அந்த ஒரு நாளுக்கான கரைக்கு அதிக மாதங்கள் ஆயின. கிளீட்டஸ் ஒவ்வொரு ஞாயிறும் நாய் வரும்வரை இருப்பார். நாயின் ஒரு காது மடங்கி இருக்க வேண்டும் என்று ஒருதடவை சொன்னார். மடக்கினாள். அதற்கும் கொள்ளாம் வரவில்லை.

பெங்களூரில் சின்ன ஆட்கள் தனியாகச் செய்த கேம்களுக்கென்று ஒரு போட்டி நடந்தது. அனுப்பி வைத்தாள். நூற்று நாற்பதில் இருபதுக்குள் வந்துவிட்டது. இறுதிப் பத்துக்குள் வந்தால், அடுத்த கேமைச் செய்ய ஒரு வருஷத்துக்கு உதவித்தொகை. மெத்தைக்கடை மாடியை விட்டு இறங்கிவிடலாம். வாழைக்குலைக்காரருக்கு வேறு ஆள் பெட்டி போட்டுக்கொள்ளட்டும். டெல்சி ராத்திரி தூக்கத்தில்கூடச் சிரித்தாள் என்று அம்மா வியாகுலம்மாள் சொன்னாள்.

அப்புறம் ஒரு மெயில் வந்தது. நடுவர்கள் மூன்று பேர், மூவரும் வேலைக்குப் போகிறவர்கள், ஆகவே மூவரும் விளையாடிப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை. படகு நகரவில்லை, பத்து நிமிஷம் காத்திருந்தோம், தயவுசெய்து வெள்ளிக்கிழமைக்குள் பிழையைச் சரிசெய்து அனுப்பவும் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். டெல்சி மூன்று பத்தி விளக்கம் எழுதினாள். சுவாரசியமாக இருக்கிறது, ஆனாலும் விளையாடுகிறவருக்கு ஒரு வழி விட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த சுற்றுக்கு எடுத்துக்கொள்ள விதி இடம் தராது என்று பதில் வந்தது.

செல்வதாஸிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டு, இதற்கா இப்படி முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்றார்.

“ஒரு பெட்டி போட்டு விடு டெல்சி. போணும்னு உள்ளவன் போவட்டும், வேண்டாம்னு உள்ளவன் இருக்கட்டும். யாருக்கும் நஷ்டம் இல்ல.”

பதினைந்து நிமிஷ வேலை. ‘இன்று ஞாயிறு. கடலுக்குப் போகிறீர்களா?’ கீழே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பொத்தான். ஓரங்களை உருட்டி, நல்ல நீலத்தில், ஏழு வருஷ அனுபவம் தெரிகிற மாதிரி செய்தாள். வியாழக்கிழமை அனுப்பினாள். வெள்ளிக்கிழமை, நன்றி, அடுத்த சுற்றுக்கு எடுத்துக்கொண்டோம் என்று பதில் வந்துவிட்டது. வீட்டில் கேம் இருந்த லாப்டாப்பிலும் அதையே ஏற்றினாள். ஊர்க்கமிட்டித் தலைவர் ஆன்ட்ரூஸுக்கும் ஒரு பிரதி கொடுத்திருந்தாள். துபாயில் இருந்த மகன் அனுப்பிய லாப்டாப்பை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவர் அவர். அதிலும் போய்ப் புதியதை ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஞாயிறு சாயங்காலம் ஆன்ட்ரூஸ் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, சாயா குடித்து, மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“கிளீட்டஸே, நான் இன்னைக்கு கடலுக்குப் போயிட்டேன்.”

முட்டுவலியால் பதினோரு வருஷமாகக் கடல் பக்கம் போகாத மனுஷன். கிளீட்டஸ் அவருடைய காலைப் பார்த்தார். கம்ப்யூட்டரில்தான் என்று விளக்கினார் ஆன்ட்ரூஸ். சும்மா பார்க்கத்தான் ‘ஆம்’ என்று அழுத்தினாராம், வள்ளம் போய்விட்டதாம், போனபிறகு சும்மா எப்படித் திரும்புவது என்று வலையைப் போட்டாராம், சாளை மீன் அள்ளிக்கொண்டு வந்ததாம். ஊரான் வள்ளத்தையெல்லாம் கரையில் ஏற்றிப்போட்டவர், இப்போது தன்னை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். இதைக் கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் அவருடைய கேள்வி. கிளீட்டஸ் யோசித்துவிட்டு, சொல்லிவிடுவது நல்லது என்றார். சொன்னால் சாமியாருக்குப் புரியுமா என்று கேட்டார் ஆன்ட்ரூஸ். அது சாமியார் பாடு என்றார் கிளீட்டஸ்.

வாசலில் செருப்பை மாட்டும்போது ஆன்ட்ரூஸ் டெல்சியிடம் திரும்பினார். “நானா போகல்ல மக்கா. அது கேட்டுது, அதனால போனேன், பாத்துக்கோ.”

அவர் போனபின் டெல்சி சிரித்துக்கொண்டே அப்பாவிடம் கேட்டாள். “நீங்க போனியளா அப்பா?”

கிளீட்டஸ் சாயா டம்ளர்களை எடுத்து அடுக்கினார். திறந்து பார்த்ததாகச் சொன்னார். அப்புறம் மூடி வைத்துவிட்டாராம். ‘இல்லை’ என்று அழுத்தியிருந்தால் எப்போதும் போலக் கரை வந்திருக்குமே, நாய் வந்திருக்குமே என்றாள் டெல்சி.

“வரும் மக்கா. ஆனா ஆறு நாளும் எனக்க சோலி அதுதான. காத்தப் பாத்து, போவணுமா வேண்டாமான்னு யோசிச்சு, யோசிச்சு. ஞாயித்துக்கிழம ஒரு நாளு அத என்கிட்ட யாரும் கேக்கமாட்டாவ. அதுக்குத்தான் நான் அங்க போய் இருக்கது.”

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார்.

ஊரில் உள்ள வியாபாரிகளுக்கெல்லாம் வாசலில் மறித்துக் கேள்வி கேட்காதே என்று புத்தி சொன்ன வாய், சொந்த அப்பனை, அதுவும் அவருடைய ஒரே ஓய்வு நாளில், மறித்து நிறுத்தியிருக்கிறது. டெல்சியை வெட்கம் பிடுங்கித் தின்றது. லாப்டாப்பை எடுத்து உட்கார்ந்தாள். பெட்டியை எடுக்க நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. பெங்களூருக்கு மெயில் எழுதத்தான் ஒரு மணி நேரம் ஆயிற்று. வியாழக்கிழமை அனுப்பியதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், இதுதான் என் கேம், ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறங்காது, அது பிழை இல்லை என்று எழுதி, அனுப்பினால் என்ன ஆகும் என்று நன்றாகத் தெரிந்தே அனுப்பினாள். அனுப்பிவிட்டுக் கொஞ்சம் அழுதாள். வியாகுலம்மாள் எதற்கு என்று கேட்டதற்குக் கண்ணில் தூசி என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பட்டியல் வந்தது. பத்துப் பேர் இருந்தார்கள், அவள் இல்லை. செல்வதாஸுக்கு நிஜமாகவே வருத்தம். ஒரு சாயா வாங்கிக் கொடுத்துவிட்டு, வாழைக்குலைக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார் என்றார். சனிக்கிழமை டெல்சி ‘மொத்தமா, சில்லறையா?’ பெட்டியைத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, நடுவர்களில் ஒருவரிடமிருந்து மெயில் வந்தது. போட்டி சார்பாக எழுதவில்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தார். விதி விதிதான், மாற்ற முடியாது, மன்னிக்கவும். நீங்கள் கடைசியாக அனுப்பியதை நேற்று திறந்து பார்த்தேன். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும், அந்த நாய்க்கு என்ன பேர்?

டெல்சி அதை இரண்டு முறை படித்தாள். நேற்று ஞாயிறுதானா என்று காலண்டரைப் பார்த்தாள். பிறகு அப்பாவுக்குப் போன் போட்டாள். மீன் ஏலம் முடிந்து அவர் கரையில் இருக்கிற நேரம், பின்னால் இரைச்சலாக இருந்தது. நம் கரையில் கிடக்கிற செவலை நாய்க்குப் பேர் உண்டா என்று கேட்டாள். பேரெல்லாம் யார் வைத்தார்கள் என்றார் கிளீட்டஸ். யார் கேட்பது என்றும் கேட்டார். பெங்களூரில் ஒருத்தர், நேற்று கேமைத் திறந்து பார்த்திருக்கிறார் என்றாள்.

கிளீட்டஸ் இரைச்சலை விட்டுத் தள்ளி வந்து கேட்டார்.

“நாயைப் பாத்துட்டானா?”

“பாத்துட்டாருப்பா.”

“ஒண்ணுந் தொடாம இருந்திருக்கான். கொள்ளாம்.”

இரண்டு வருஷமாக டெல்சி காத்திருந்த வார்த்தை. அது நேரே பெங்களூர்க்காரருக்குப் போயிற்று. போகட்டும், அவர் அரைமணி நேரம் இருந்தாரே. நாய்க்குப் பேர் இல்லை, ஆனால் அப்பா உங்களைக் கொள்ளாம் என்று சொன்னார் என்று பதில் எழுதி அனுப்பினாள். கண்ணைத் துடைத்துவிட்டு, வாழைக்குலைக்காரருக்குப் போன் போட்டு, அந்தப் பெட்டி தளத்தில் வராது, வேண்டுமானால் கடை வாசலில் நின்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள். எதிர் மேஜையிலிருந்து செல்வதாஸ் தலையைத் தூக்கிப் பார்த்தார்.