இடது தோள்

சாக்கின் மேல் அண்ணி கடைசியாக எடுத்து வைத்தது நீலக் கட்டம் போட்ட சட்டை. அதற்குப் பக்கத்தில் நான் என் புதுக் குடையை வைத்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த பால்காரர் குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் தன்னுடைய கம்பளிக் காலுறைகளைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வெளையாடாத பாப்பா" என்று அண்ணி குடையை எடுத்து என் மடியில் போட்டார்.

பேரன் எடுத்த பிறகும் எனக்குப் பாப்பா என்றுதான் பெயர். அண்ணன் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிலைத்த பெயர். அவர் போன பிறகு அப்படிக் கூப்பிட அண்ணி ஒருவர்தான் மிச்சம். ஆனால் நான் விளையாடவில்லை. அது என் அண்ணன் சட்டை, எனக்கு வேண்டும்.

அந்த மலை ஊரில் கடை என்று ஒன்றும் கிடையாது. பணத்தை நீட்டினால் சிரிப்பார்கள், அதைச் செலவழிக்க அவர்கள் அடிவாரம் வரை இறங்க வேண்டும். அதனால் எல்லாம் பண்டமாற்றுதான். ஒருவர் ஒரு பொருளை வைப்பார், மற்றவர் பக்கத்தில் தன்னுடையதை வைப்பார். இருவருக்கும் சம்மதமென்றால் ஒரே நேரத்தில் கையில் எடுப்பார்கள். எடுத்தது எடுத்ததுதான், திருப்பிக் கேட்கக் கூடாது. பாஷை தெரியாத எங்களுக்கு இது வசதியாகப் போயிற்று. எங்கள் சுற்றுலாக் குழுவை அழைத்துவந்தவர் சோப்பு, ஊசி, துணிமணி ஏதாவது கொண்டுவாருங்கள் என்று ஊரிலேயே சொல்லியிருந்தார். மற்றவர்கள் சோப்போடு வந்தார்கள். அண்ணி பெட்டி நிறைய அண்ணன் சட்டைகளோடு வந்தார்.

உண்மையில் இது அண்ணனும் அண்ணியும் வந்திருக்க வேண்டிய பயணம். அண்ணன் முந்திக்கொண்டு தனியாகப் போய்விட்டார். கட்டிய பணம் திரும்ப வராது, வேண்டுமானால் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அந்த மாற்று ஆள் நான்.

"ஊர்ல குடுத்தா என்னிக்காவது எவன் முதுகுலயாவது அந்தச் சட்டையப் பாக்கணும். என்னால ஆகாது" என்று புறப்படும்போதே அண்ணி சொல்லிவிட்டார். "இங்க குடுத்துட்டு பஸ்ஸு ஏறிட்டா முடிஞ்சுது."

ஒன்றாவது வைத்துக்கொள்ளலாமே என்று நானும் ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தேன். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும் என்று வாயை அடைத்துவிட்டார். எனக்குக் கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் பங்கு கேட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று ஒரு பக்கம் கூச்சம், கேட்காமலே கொடுத்தால் என்னவாம் என்று மறுபக்கம் வீம்பு. குடைதான் எனக்குத் தெரிந்த வழி.

பால்காரரும் அண்ணியும் ஒரே நேரத்தில் எடுத்தார்கள். தேன், மரக்கரண்டிகள், உருளைக்கிழங்கு, இப்போது காலுறைகள். பெட்டி வரும்போது இருந்ததைவிடக் கனத்தது. நான் அன்று முழுவதும் அண்ணியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

பேருந்து ஏறினால் முடிந்தது என்றாரே, பேருந்துதான் வரவில்லை. கீழே மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டது. மறுநாள் காலை விடுதி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நீலக் கட்டம் எங்களைத் தாண்டி மேட்டில் ஏறியது. பின்பக்கம்தான் தெரிந்தது. அதே உயரம், அதே நரைத்த பிடரி. அண்ணி உடைந்துவிடப் போகிறார் என்று அவர் கையைப் பிடித்தேன்.

அண்ணி கண்ணை எடுக்காமல் பார்த்தார். "தோளு தூக்கிக்கிட்டு நிக்குது பாரு" என்றார். "நான் தச்ச சட்டையா இது?"

அண்ணி தையல்காரர். அண்ணன் ஆயுசில் கடைச் சட்டை போட்டதில்லை. சின்ன வயதில் மதிலிலிருந்து விழுந்து, முறிந்த எலும்பு கோணலாக ஒட்டி, அவருக்கு இடது தோள் இறங்கிப்போயிருந்தது. அண்ணி வந்த பிறகு ஒவ்வொரு சட்டையிலும் இடது தோளுக்கு உள்ளே துணியை மடித்து ஒரு சின்னத் திண்டு வைத்துத் தைத்தார். அதற்குப் பிறகு அண்ணன் தோள் கோணல் என்று எவரும் சொன்னதில்லை. அவரை நேராக்கிய சட்டை இப்போது பால்காரரைக் கோணலாக்கியிருந்தது.

அண்ணி கை தட்டிக் கூப்பிட்டார். பால்காரர் திரும்பினார், சட்டையைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்று நினைத்து காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு இரண்டு கையாலும் எடுப்பது போலச் செய்து காட்டினார், எடுத்தது எடுத்ததுதான் என்று. அண்ணி சிரித்துவிட்டார். அண்ணன் போன பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். ஊசி நூல் இல்லாமல் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போகாதவர், பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினார்.

பனியனோடு நடுங்கிக்கொண்டு பால்காரர் கேன்களுக்கு நடுவில் நின்றார். அண்ணி தையலைப் பிரித்து, திண்டை எடுத்துவிட்டு, பழைய துளைகள் தெரியாமல் மூடித் தைத்தார். போடச் சொல்லி, தோளை நீவிவிட்டு, வாடிக்கைக்காரரை அனுப்புவது போல முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

பிறகு அந்தத் திண்டை பெஞ்சில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"என்ன வெக்கிற?" என்றார்.

குடையைப் பக்கத்தில் வைத்தேன். இருவரும் ஒரே நேரத்தில் எடுத்தோம்.

உள்ளங்கை அளவுதான் இருந்தது. துவைத்துத் துவைத்து வெளுத்து, தட்டையாகி, ஒரு தோளின் வளைவு அதில் அப்படியே படிந்திருந்தது. மேட்டில் நீலக் கட்டச் சட்டை இரண்டு தோளும் சமமாக ஏறிக்கொண்டிருந்தது. வளைவில் திரும்பும்போது அது யாரோ ஒருவருடைய முதுகாக இருந்தது.