சத்தம் கேட்கவில்லை

சனிக்கிழமை காலை அருள்தாஸின் லேப்டாப், தன்னிடம் ஒலிக் கருவி எதுவும் இல்லை என்று எழுதிக் காட்டியது. போன மாதம் எதிர்வீட்டுக்கு மாடிப்படி இல்லை என்று ஒரு கடிதம் வந்தது. அவர்கள் கயிறு வாங்கிக்கொண்டார்கள். அதனால் அருள்தாஸ் பதறவில்லை.

மணியை மட்டும் பார்த்தான். பத்தரை. நாலு மணிக்கு பிலோமினா பேசுவாள்.

பிலோமினா நான்கு வருடங்களுக்கு முன்பு கீழ்வீட்டைக் காலி செய்துவிட்டு மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். இன்றோடு ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவாளா, திருச்சிக்கே திரும்பிவிடுவாளா என்பதை நாலு மணிக்குச் சொல்வதாகச் சொல்லியிருந்தாள். ஒருமுறைதான் சொல்வாளாம்.

அதை அருள்தாஸ் காதால் கேட்க விரும்பினான். அவன் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். எழுதிவைத்த எதன்மேலும் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. கைபேசிக்குச் சனிக்கிழமை விடுமுறை.

லேப்டாப்பை அணைத்துப் போட்டான். மறுபடி அணைத்துப் போட்டான். மூன்றாவது தடவை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போட்டான். ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி அப்படியே இருந்தது. இயர்போனைச் செருகினான். உருவினான். கடைசியில், கருவிகளின் பட்டியலைக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தான். கீபோர்டு இருந்தது. திரை இருந்தது. மைக் இருந்தது. ஸ்பீக்கர் இருக்கவேண்டிய வரியில், டிவைஸ் மேனேஜர் மாலை ஐந்து வரை இருக்கையில் இருப்பார், நேரில் வரவும் என்று முகவரியோடு எழுதியிருந்தது.

அப்படி ஒருவர் நேரிலேயே இருக்கிறார் என்பது அவனுக்குப் புதிய செய்தி. எப்படி இருப்பார் என்று பார்க்க ஆசையாக இருந்தது. லேப்டாப்பை ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

கருவிகள் அலுவலகம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. மேனேஜரின் அறை நடைவழியின் கடைசியில். அருள்தாஸ் நடக்க நடக்க நடைவழி நீண்டது. ஒரு மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். வாட்ச்மேன் கைக்கெட்டும் தூரத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். காரியமாக வருகிறவர்களுக்கு அது அப்படித்தான் நீளும் என்றார் அவர். வேறெதற்கோ வந்தவர் மாதிரி நடக்க வேண்டுமாம்.

அருள்தாஸ் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தபடி நடந்தான். பல்லி உண்மையிலேயே பார்க்கத் தகுந்ததாக இருந்தது. எட்டாவது அடியில் அறை வந்துவிட்டது.

டிவைஸ் மேனேஜர் ஐம்பது வயதுப் பெண்மணி. மேசைப் பலகையில் குணவதி என்று இருந்தது. ஒரு கீபோர்டுக்கு விடுப்பு எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் ஒரு தாளைத் தள்ளி, குறையை எழுதச் சொன்னார்.

அருள்தாஸ் எழுதினான்: சத்தம் கேட்கவில்லை.

குணவதி அதை இரண்டு தடவை படித்தார்.

“ஏன் கேட்கலை?”

“தெரியலை மேடம்.”

“கூச்ச சுபாவமா?”

“யாருக்கு?”

“சத்தத்துக்கு. அது கேட்கலைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. கேட்காம நாங்க எப்படி சார் குடுக்கிறது?”

அருள்தாஸ் தாளைத் திருப்பிப் பார்த்தான். பதினாறு வருடமாகப் பிழை திருத்துகிறவன். அந்த வாக்கியத்தில் பிழை இல்லை. அது அவனுக்கு மிகவும் சுவாரசியமாக இருந்தது. ஆனாலும் நேரம் போய்க்கொண்டிருந்ததால், அடித்துவிட்டு, சத்தம் வரவில்லை என்று மாற்றி எழுதிக் கொடுத்தான்.

வரவில்லை என்றால் அது வருகைப் பதிவுப் பிரிவு, எதிர்க் கட்டடம், இன்றைக்கு லீவு என்றார் குணவதி. பழைய வாக்கியமே மேல் என்று அவன் ஒப்புக்கொண்டான். அவர் விதியை விளக்கினார். எந்தக் கருவியும் அனுமதி கேட்டுத்தான் லேப்டாப்பில் இருக்க முடியும். திரை கேட்டு வாங்கியிருக்கிறது. மைக் போன வருடம் அழுது வாங்கியது. ஸ்பீக்கரின் அனுமதி புதன்கிழமையோடு தீர்ந்துவிட்டது. அது வந்து கேட்க வேண்டும்.

எங்கே போய்த் தேடுவது என்று அருள்தாஸ் கேட்டான். அவர் பக்கத்து அறையைக் காட்டினார். கதவின் மேல் ‘மறைந்திருக்கும் கருவிகள்’ என்று இருந்தது.

உள்ளே பெஞ்சுகள். மூன்று வருடத்துக்கு முன் அவன் தூக்கிப் போட்ட பிரிண்டர் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கரூர் பஸ்ஸில் தொலைந்துபோன மவுஸ் இருந்தது. ஜன்னலோரம் வெள்ளை அரைக்கைச் சட்டை போட்ட ஒல்லியான ஒருவர், மடியில் டிபன் பாக்ஸோடு இருந்தார். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் ‘ஸ்பீக்கர்’ என்று இருந்தது. பக்கத்தில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர். தான் அவருடைய டிரைவர் என்றும் பெயர் செபஸ்தியான் என்றும் சொன்னார். அனுமதி இல்லாத நாட்களில் ஸ்பீக்கர் பேசமாட்டாராம்.

ஏன் வந்துவிட்டார் என்று அருள்தாஸ் விசாரித்தான்.

“அந்தம்மா குரலை நாலு வருஷமா இவருதான் சார் தூக்கிட்டு வந்தாரு. ஒரு நாள் முகம் சுளிச்சதில்லை. போன சனிக்கிழமை, ‘வேறென்ன’ன்னு நீங்க கேட்டீங்க. அந்தம்மா ரெண்டு நிமிஷம் சும்மா இருந்துச்சு. ஞாபகம் இருக்கா?”

நெட்வொர்க் கோளாறு என்று நினைத்ததாக அருள்தாஸ் சொன்னான்.

“கோளாறு இல்லை சார். அந்தச் சும்மாவையும் இவருதான் தூக்கிட்டு வந்தாரு. செம கனம். இடுப்பு பிடிச்சுக்கிச்சு.”

ஸ்பீக்கர் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

அந்தச் சும்மா எவ்வளவு எடை இருந்திருக்கும் என்று அருள்தாஸ் கேட்டான். இரண்டு பேர் தூக்க வேண்டியது என்றார் செபஸ்தியான். அருள்தாஸ் லேப்டாப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். பிறகு, இன்றைக்கு வரப்போவது ஒரே ஒரு பதில்தான், ஒரு சொல்லாகக்கூட இருக்கலாம், கனம் இருக்காது என்று சொல்லிப் பார்த்தான். ஸ்பீக்கர் யோசித்தார். டிபன் பாக்ஸை மூடினார். எழுந்தார்.

மூவரும் மேனேஜர் அறைக்கு வந்தபோது மணி மூன்று ஐம்பது. செபஸ்தியான் படிவத்தை நிரப்பினார். ஸ்பீக்கர் கேட்டதாகக் கையெழுத்துப் போட்டார். ‘எதற்காக’ என்ற இடத்தில், ‘பதில் கேட்க’ என்று எழுதியிருந்தது.

குணவதி அந்த இடத்தில் விரலை வைத்தார்.

“பதில்னா கேள்வி நகல் இணைக்கணுமே.”

அருள்தாஸிடம் நகல் இல்லை. பரவாயில்லை, எல்லாம் பதிவில் இருக்கும் என்று அவர் ஒரு பெரிய நோட்டை இறக்கினார். அருள்தாஸ் பிலோமினாவிடம் நான்கு வருடத்தில் கேட்டவை அதில் வரிசையாக இருந்தன. ‘சாப்பிட்டீங்களா’ ஆயிரத்து இருநூற்று ஆறு தடவை. ‘அங்கே வெயில் எப்படி’ அறுநூற்றுப் பதினொன்று. ‘வேறென்ன’வுக்குத் தனியாக ஒரு பின்னிணைப்பு இருந்தது.

“இதுல எதுக்கு அவங்க இன்னிக்குப் பதில் சொல்றாங்க?”

அருள்தாஸ் நோட்டைப் புரட்டினான். பிழை திருத்துகிறவன் புரட்டுவதுபோல், விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தான். கேட்க வேண்டியதைக் கேட்டதாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தான். எந்த இடத்தில் என்றுதான் தெரியவில்லை. அது எங்கேயும் இல்லை.

மணி நாலு. மேசைமேல் எடுத்து வைத்திருந்த லேப்டாப் தானாக விழித்துக்கொண்டது. திரையில் பிலோமினா வந்தாள். முன்னால் ஒப்பந்தத் தாள், கையில் மூடி கழற்றிய பேனா. அவள் வாயைத் திறந்தாள். அருள்தாஸ் உள்ளங்கையை நீட்டி நிறுத்தினான். அவள் வாயை மூடிக்கொண்டு, அவனுக்குப் பின்னால் நின்ற மூவரையும் பார்த்தாள்.

மைக் இருக்கிறது, நீங்கள் பேசினால் அவருக்குக் கேட்கும், இப்போதே கேட்டுவிடுங்கள், நான் நகல் எடுத்துக்கொள்கிறேன் என்று குணவதி பேனாவைத் திறந்தார்.

“பிலோமி, நீங்க திரும்பி வந்துடுங்களேன்,” என்றான் அருள்தாஸ்.

“இது கேள்வி இல்லை சார். வேண்டுகோள். அது வேற பாரம், பச்சைக் கலர்.”

“வருவீங்களா?”

“எங்கேன்னு போடணும்.”

“திருச்சிக்கு வருவீங்களா?”

“எதுக்குன்னு ஒரு இடம் இருக்கு. காலியா விட்டா திருப்பி அனுப்பிடுவாங்க.”

அருள்தாஸ் செபஸ்தியானைப் பார்த்தான். செபஸ்தியான் ஜன்னலைப் பார்த்தார். திரையில் பிலோமினாவின் பேனா தாளுக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது. பல்லியைப் பார்ப்பதுபோல் இதையும் கடந்துவிட முடியுமா என்று அவன் சுவரில் தேடினான். சுவர் சுத்தமாக இருந்தது.

“பிலோமி, நீங்க திருச்சிக்கு வந்து என்கூட இருப்பீங்களா?”

குணவதி கடைசிச் சொல்வரை எழுதினார். கேள்விக்குறியை நிதானமாகப் போட்டார். முத்திரை குத்தினார்.

ஸ்பீக்கர் டிபன் பாக்ஸை டிரைவரிடம் கொடுத்தார். லேப்டாப்பின் ஓரத்தில் இருந்த சின்ன ஓட்டைகளுக்குள், பழகின வீட்டுக்குள் போகிறவர்போல, வலது தோளை முதலில் கொடுத்து நுழைந்து போனார். சிவப்புக் குறி மறைந்தது.

முதலில் மஸ்கட்டில் ஒரு ஃபேன் சுற்றும் சத்தம் வந்தது. பிறகு நாற்காலி நகரும் சத்தம். பிறகு பேனாவை மூடும் சத்தம். அது சின்னச் சத்தம்தான். அறையில் இருந்த மூவருக்கும் கேட்டது.

“கேட்டுச்சு,” என்றாள் பிலோமினா. “இன்னொரு தடவை கேளுங்க.”

அவன் கேட்டான். இந்தத் தடவை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.