சைலன்சருக்குள் இருந்த ராவ்னா

ஹெயிக்கா செத்துப் பதினான்கு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை முற்பகலில், அவன் குரல் அவனுடைய ஸ்னோமொபைலின் சைலன்சருக்குள் இருப்பது தெரிய வந்தது. வடதுருவத்தை ஒட்டிய ஃபின்மார்க் மேட்டில் அன்று மைனஸ் பதினெட்டு, காற்று இல்லை. அதைக் கழற்றியவள் அவன் மனைவி ராவ்னா. சைலன்சரில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்து, வண்டி போட்ட கூச்சலில் சினைப் பனிமான்கள் சிதறி ஓடின. வெள்ளிக்கிழமை மந்தை கடற்கரைக்குக் கிளம்புகிறது. ஓட்டையை அடைக்காமல் வந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று மந்தைக் கூட்டத்தார் சொல்லிவிட்டார்கள். மந்தையை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவள்? மூடியைத் திறந்து, சூடு முழுக்க ஆறவும் விடாமல், பூட்ஸில் சுற்றியிருந்த நெய்த பட்டையை அவிழ்த்து, சைலன்சரைப் பிடித்திருந்த ஸ்பிரிங்கின் கொக்கியில் மாட்டி இழுத்தாள். அந்த வேலைக்கென்றே கருவி உண்டு. அவளுக்குப் பட்டைதான் ராசி. நாலு ஸ்பிரிங்கும் விட்டதும் சைலன்சரை எடுத்துக் கரி உதிரத் தட்டினாள். கரியோடு ஒட்டிக் கிடந்த குரலும் இளகி, ஓட்டை வழியே பாடத் தொடங்கியது. வார்த்தையில்லாத யொய்க், ஒருவரை அப்படியே மெட்டாக்கிப் பாடும் அந்த ஊர்ப் பாட்டு. அவசரமாக ஏறி, நடுவில் ஓரிடத்தில் தடுக்கி, சிரித்துக்கொண்டே இறங்கியது.

வெல்டிங் போட வந்திருந்த கொழுந்தன் ஆய்லு முகமூடியைத் தூக்கினான்.

"அண்ணி, இது நீங்க."

"நானா?"

"இடது கால இழுத்து நடக்குறீங்களே, அது வரைக்கும் இருக்கு. ஓட்டும்போது அண்ணனுக்கு வாய் அசையும். வண்டியத் திட்டுறாருன்னுல்ல நெனச்சேன்."

ராவ்னா பனியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கத்தில் நாய்க்குக்கூட யொய்க் உண்டு. அவளுக்கு மட்டும் யாரும் கட்டவில்லை. தன்னுடையதைத் தானே பாடிக்கொள்வது அங்கே கேவலம், பிரியப்பட்ட யாராவது கட்டித் தரவேண்டும். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில், இந்த மனுஷனுக்கு நாம் ஒரு பொருட்டே இல்லை என்று பொருமியிருக்கிறாள். அந்தக் கூச்சக்காரனோ, இன்ஜின் இரைச்சலில் யார் காதிலும் விழாது என்ற தைரியத்தில், அவளையே பாடிக்கொண்டு திரிந்திருக்கிறான். அவளுக்குக் கோபம் வந்தது. சந்தோஷம் அதைவிட அதிகமாக வந்தது.

சைலன்சர் ஆற ஆறக் குரல் தேய்ந்தது. ஓட்டையை அடைத்தால் அண்ணன் உள்ளேயே அடைபட்டுப் போய்விடுவார், அடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமைப் பயணம் இல்லை என்று ஆய்லு தயங்கினான்.

"கைய எடு," என்றாள் ராவ்னா. "மானுங்க என்னக் கண்டு எப்பய்யா ஓடியிருக்கு?"

ஓட்டையை அப்படியே விட்டு, புது கேஸ்கெட் வைத்து, குழாயைப் பொருத்தி, நாலு ஸ்பிரிங்கையும் அதே பட்டையால் இழுத்து மாட்டி, வண்டியைக் கிளப்பினாள். இரைச்சலைக் காணோம். சூடு ஏறியதும் ஓட்டை வழியே யொய்க் மட்டும் வந்தது. சரிவில் நின்ற சினைமான்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாக இறங்கி வந்து வண்டிக்குப் பின்னால் நின்றன.

வெள்ளிக்கிழமை மந்தைக்கு முன்னால் போனது அவள்தான். பின்னொரு வருஷம் சத்தம் அளக்க வந்த அதிகாரி, மீட்டரைப் பார்த்துவிட்டு, குறை ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்துப் போனார். இன்ஜின் இரண்டு முறை மாறியது, சைலன்சர் மாறவில்லை. குன்றுக்கு அப்பால் அந்தச் சத்தம் கேட்டால் வண்டி வருகிறது என்று அங்கே யாரும் சொல்வதில்லை. ராவ்னா வருகிறாள் என்று காப்பிக்குத் தண்ணீர் வைக்கிறார்கள். ஆய்லு இரவல் வாங்கி ஓட்டி வந்தாலும் அப்படித்தான்.