வாளி ஊறிய நாள்

வாளியைப் பார்த்துத்தான் நாத்தனார் கண்டுபிடித்தார்.

மரவாளி சில வாரங்கள் காய்ந்து கிடந்தால் பலகைகள் சுருங்கி இடுக்கு விட்டுவிடும். தண்ணீர் நிற்காது. முதல்நாளே அமிழ்த்தி வைத்தால்தான் மரம் உப்பி இடுக்கு அடைபடும். என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த காலம் முழுவதும் நான் அதைத் தொடவே இல்லை. இப்போது துணி ஊறவைக்கும் தொட்டியில், மிதக்காமலிருக்க மேலே ஒரு செங்கல்லோடு கிடந்தது.

“இது எதுக்கு ஊறுது?”

“சும்மாதான் அண்ணி.”

“என்கிட்டயே கதை விடாதே. அவனைக் கொண்டுபோய் அங்க வேகவைக்கப் போறியா? டாக்டர் சொன்னது காதுல விழலையா?”

நன்றாகவே விழுந்திருந்தது. நுரையீரலில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், சூடும் புகையும் ஆகாது. வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பின்கட்டில் தன் கையால் கட்டிய நீராவி அறையில், சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி எழுகிற ஆவியில் ஒரு தடவை உட்கார வேண்டும், கால் ஊன்ற முடிகிறபோதே.

உள்ளேயிருந்து அவர் குரல் கொடுத்தார். “அக்கா, நான் ஏற்கெனவே வெந்தவன்தான். தாளிக்கிற வேலை மட்டும்தான் பாக்கி.”

“வாயை மூடுடா.” நாத்தனார் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குனிந்து, நழுவியிருந்த செங்கல்லை வாளிமேல் சரியாக வைத்தார். பிறகு, “நான் அவனைப் பிடிச்சுக்கறேன். நீ ஊத்து” என்றார்.

என் கணவர் பாய்லர் மெக்கானிக். சூடான எதையும் கேலியாகப் பேசுவார், அசட்டையாகத் தொடமாட்டார். அவர் செய்வதுபோலவே அடுப்பின் மேல் இருந்த கருங்கற்களை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தேன். மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல். தண்ணீர் பட்டதும் தெறிக்கும். அப்படிப்பட்டவற்றைத் தூர எறிந்தேன். மற்றவற்றைத் திரும்ப அடுக்கி அடுப்பை மூட்டினேன். யூகலிப்டஸ் தைலத்தைக் கல்லில் நேராக விட்டால் பற்றிக்கொள்ளும் என்பதால் வாளித் தண்ணீரில் சில சொட்டு விட்டேன்.

கரண்டியில்தான் தயங்கினேன். நீண்ட மரப்பிடி போட்ட மூன்று, ஆணியில் தொங்கின. பெரியதில் ஊற்றினால் ஆவி முகத்தில் அறையும். அவருக்கு அதுதான் பிடிக்கும். நான் சின்னதை எடுத்தேன்.

அவரைக் கீழ்ப் பலகையில் உட்காரவைத்தோம். சூடு அதிகமான மேல் பலகையைத் தவிர வேறெங்கும் உட்காராத மனிதர். என் கையைப் பார்த்தார்.

“என்னடி இது, பாப்பாவுக்கு மருந்து ஊத்தற கரண்டியா?”

“பாப்பா முதல்ல இதைக் குடிக்கட்டும்.”

ஊற்றினேன். கல் சீறியது. ஆவி கூரையில் மோதித் திரும்பி எங்கள் தலைமேல் இறங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“தைலம் போடலையா?”

எங்கள் இருவருக்கும் அந்த நெடியில் கண் எரிந்துகொண்டிருந்தது. நாத்தனார் என்னைப் பார்த்தார்.

“மறந்துட்டேன்” என்றேன்.

அடுத்த கரண்டிக்கு இருமல் வந்தது. உடம்பே கழன்றுவிடும் போன்ற இருமல். விரல்கள் பலகையை இறுகப் பற்றின. “போதும்” என்றார். யாராவது போதும் என்றால் கிண்டல் செய்தே எழவிடாமல் வைக்கிறவர் அவர்.

வெளியே நாற்காலி போட்டு, அறையின் மரச்சுவரில் சாய்த்து, கம்பளியைப் போர்த்தினோம். மூச்சு நிதானத்துக்கு வர வெகுநேரம் ஆயிற்று.

“சூட்டை வீணாக்காதே. நீ போய் உக்காரு.”

“நான் எதுக்குங்க?”

“ஊத்து. சத்தமாவது கேக்கறேன்.”

போனேன். சத்தம் வேண்டுமென்றால் பெரிய கரண்டிதான். ஊற்றினேன். ஆவி தோளைச் சுட்டது.

“ஆங்” என்றார் சுவருக்கு அப்பால். “இன்னொண்ணு.”

ஊற்றினேன்.

“இது கரண்டி!” அந்தக் குரலில் பழைய தெம்பு கொஞ்சம் இருந்தது. “இன்னும்.”

ஊற்றினேன். சீற்றம் அடங்கும்வரை காத்திருந்தேன். குரல் வரவில்லை. நானாகவே ஊற்றினேன். காதில் விழவில்லையோ என்று அடுத்ததை நிறைய மொண்டு ஊற்றினேன். மூச்சு இழுக்க முடியவில்லை. கரண்டி வாளியின் அடியில் தட்டியது. மிச்சத்தை வாளியோடு தூக்கிக் கவிழ்த்தேன்.

நாத்தனார் கதவைத் திறந்தார். ஆவி அவரைத் தாண்டி வெளியே போயிற்று.

“நிறுத்தும்மா. அவனுக்கு இனிமே கேக்காது” என்றார்.