மேற்குச் சுவர்

2023 பிப்ரவரி 21, செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபதுக்கு, வடக்கனந்தலில் ஓர் ஓட்டு வீட்டின் மேற்கு அறையில் அய்யப்பன் இறந்தார். வயது அறுபத்தொன்று.

அவர் மனைவி ஜெயசுதா அப்போது பின்பக்கம் மணல் சலித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பூச வேண்டியது சமையலறையின் ஒரு பக்கம் மட்டும். நான்கு கூடை மணல் போதும். மூன்றாவது கூடை நிறையும்போது உள்ளிருந்து, "எத்தினி ஆச்சி?" என்று குரல் வரும். அது தினமும் வரும். அன்று வராததால் அவளே, "மூணு," என்று சொன்னாள். பதில் இல்லை. சல்லடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

கவிழ்த்த பெயிண்ட் வாளிமேல் உட்கார்ந்து, பின்னால் தூணில் சாய்ந்து, மேற்குச் சுவரைப் பார்த்தபடி இருந்தார். டீ கிளாஸ் தரையில் நேராக இருந்தது. பாதி குடித்திருந்தார்.

"பாத்துக்கினே இருந்தா அது சொல்லிடுமா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் அவருடைய தாடை தொங்கியிருந்ததைக் கவனித்தாள்.

அந்தச் சுவரை அவர் இரண்டு மாதமாகத் தினமும் காலையில் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கள்ளக்குறிச்சி பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றதும், அம்மா இறந்தபின் இருபது வருடம் பூட்டிக் கிடந்த வீட்டை அய்யப்பன் திறந்தார். எல்லோரும் இடித்துவிட்டுக் கட்டச் சொன்னார்கள். அவர் கட்டிலையும் ஜெயசுதாவின் தையல் மிஷினையும் கொண்டுவந்து போட்டு, இருந்துகொண்டே சரிசெய்வது என்று முடிவெடுத்தார். பெரிய வேலைகளுக்கு மேஸ்திரி சுப்புராயன் வருவார். மற்றதெல்லாம் இவர்கள் இரண்டு பேர்தான். சுண்ணாம்பை ஊற வைத்தார்கள். கல்வராயன் மலைக்கு பைக்கில் போய், வெள்ளிமலையில் கடுக்காய் வாங்கி வந்து, இடித்து, வெல்லத்தோடு டிரம்மில் போட்டார்கள். பத்து நாளில் அது புளித்து, தெருவரைக்கும் நாறும். "சாராயம் காச்சறியா?" என்று வழியில் போகிறவர்கள் கேட்டார்கள். அந்தத் தண்ணீர் ஊற்றிக் குழைத்த சுண்ணாம்புதான் மண்சுவரில் பிடிக்கும் என்பதை, சிமென்ட் வைத்து இரண்டு முறை தோற்றபிறகு கற்றுக்கொண்டார்கள்.

டிசம்பரில் மேற்கு அறையின் பழைய பூச்சைக் கொத்தியபோது அது வெளிப்பட்டது. சுவர் முழுக்க மண். நடுவில் மட்டும் செங்கல். செங்கல்லுக்கு இடையில் சேறு. முப்பது வருடம் தையல் வேலை பார்த்த ஜெயசுதாவின் கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். அளந்தாள். நாலடி அகலம், தரையிலிருந்து அஞ்சடி உயரம்.

"வாசப்படி," என்றார் அய்யப்பன். "தோட்டத்துக்குப் போற வழி. அப்பறம் அடச்சிட்டாங்க."

"வாசப்படின்னா மேல உத்தரம் எங்க? ஜன்னலாதான் இருக்கும்."

"தரையிலருந்தா ஜன்னலு ஆரம்பிக்கும்? பூனை எட்டிப் பாக்கறதுக்கா?"

"அஞ்சடி வாசப்படி யாரு வெப்பா? உங்க வூட்ல எல்லாரும் குனிஞ்சிக்கினேதான் போவாங்களா?"

பந்தயம் கட்டினார்கள். தோற்பவர் ஒரு மாதம் மணல் சலிக்க வேண்டும். ஜெயசுதா ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, "இது வெட்டுன ஓரம் இல்லீங்க. கிழிச்ச ஓரம்," என்றாள். மண் வளைந்தும் நெளிந்தும் இருந்தது. வாசலோ ஜன்னலோ வைப்பவர்கள் நேராக வைப்பார்கள். அதோடு, ஒரு செங்கல்லுக்குக் கீழே சேற்றில் நான்கு விரல் இழுத்த தடம் காய்ந்து நின்றது. சின்ன விரல்கள். அய்யப்பன் சின்னப் பையன் விரல் என்றார். அவள் தன் விரல்களை அதில் வைத்துப் பார்த்தாள். ஏறக்குறைய சரியாக இருந்தது. பொம்பளை விரல் என்றாள்.

அய்யப்பன் சாக்பீஸால் செங்கல் பகுதியைச் சுற்றிக் கோடு போட்டு, நடுவில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டார். விடை தெரியும்வரை அங்கே பூசுவதில்லை என்று பேச்சு. சுப்புராயனைக் கேட்டார்கள். "மாட்டுக்கு வழியா இருக்கும், எனக்கின்னா தெரியும்," என்றார். தெருவில் வயதானவர்களைக் கேட்டார்கள். ஒருவருக்குக் காது கேட்கவில்லை. இன்னொருவர் மரவள்ளிக்கு வந்திருக்கும் மாவுப்பூச்சியைப் பற்றிப் பேசினார்.

கேட்காதது ஓர் ஆளைத்தான். களமருதூரில் வாழ்க்கைப்பட்ட அய்யப்பனின் அக்கா பெரியநாயகி. வீட்டைத் திறந்த அன்று போன் செய்து, "அந்த வூட்ட இடிச்சிடுடா. மாடி கட்டிக்கோ," என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "சொன்னா கேளு," என்று மட்டும் சொன்னார். அக்காவுக்கு மாடி வீட்டுத் தம்பி வேண்டும்போல என்று அய்யப்பன் கோபத்தோடு போனை வைத்தார். அதோடு ஒரு வருடம் பேச்சில்லை.

ஜனவரியில் ஒருநாள், பழைய மரக்கடையிலிருந்து ஒரு வாசல் நிலையையும் கதவையும் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

"அளவு எடுத்தீங்களா?"

"அளவு அப்பறம். அது வாசப்படிதான்."

"அளவு எடுக்காம நான் ஒரு ஜாக்கெட்டாவது வெட்டியிருக்கறனா?"

"நீ டெய்லரு. நான் மெக்கானிக்கு. ரிப்பேருன்னா முன்னாடியே சாமான் வாங்கி வெச்சிடணும்."

நிலை அன்றிலிருந்து பின்பக்கச் சுவரில் சாய்ந்து நின்றது. ஜெயசுதா அதன்மேல் துணி காயப்போட்டாள்.

அய்யப்பன் இறந்த அன்று பத்து மணிக்குப் பெரியநாயகி வந்தார். எழுபது தாண்டியவர். மேற்கு அறைக் கட்டிலில் கிடத்தியிருந்த தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் நெற்றியில் கையை வைத்தார். எடுக்கவில்லை. அழவும் இல்லை. பதினொரு மணிக்குப் புதுச்சேரியிலிருந்து மகள் இலக்கியா வந்தாள். வாசலில் பந்தல் போட்டு முடித்திருந்தார்கள். உடலை வெளியே எடுத்துவந்து கிடத்த வேண்டியதுதான் பாக்கி. அப்போது அய்யப்பனின் பங்காளி தங்கமணி, கூடத்தில் தொங்கிய தினசரி நாள்காட்டியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"சதயம்," என்றார்.

அவிட்டத்திலிருந்து ரேவதி வரை ஐந்து நட்சத்திரத்தில் உயிர் போனால் அடைப்பு. உயிர் போன அறையை ஆறு மாதம் பூட்ட வேண்டும். உடல் தலைவாசல் வழியாகப் போகக் கூடாது. சுவரை உடைத்து அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

"வெள்ளிக்கெழம வரைக்கும் இருந்திருந்தா ஒண்ணும் இல்ல," என்றார் தங்கமணி. பிறகு முன்கூடத்துத் தெருச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "இந்த ஓரமா ஒடச்சா பாடை நேரா தெருவுல எறங்கிடும். கடப்பாரை எடுத்தாங்கப்பா."

ஜெயசுதா எழுந்துபோய் அந்தச் சுவரில் முதுகை வைத்து நின்றாள்.

அது பொங்கலுக்கு முந்தின நாள் முடித்த சுவர். நான்கு பூச்சு. கடைசிப் பூச்சைக் கூழாங்கல்லால் ஒன்பது நாள் தேய்த்தார்கள். அவர் மேல்பாதி, அவள் கீழ்பாதி. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய வரி இருக்கும். வெயில் சாய்வாக விழும்போது மட்டும் தெரியும்.

"இத ஒடைக்கக் கூடாது," என்றாள்.

"அண்ணி, அண்ணன வுட செவுரு ஜாஸ்தியா?" என்றார் தங்கமணி.

இலக்கியா வந்து பக்கத்தில் நின்றாள்.

"வாசல் இருக்குதுல்ல சித்தப்பா? அப்பா தெனமும் அதுலதான போய் வந்தாரு."

"வந்தாரு கண்ணு. இப்ப போறது வேற."

"நாங்க வாசல் வழியாவே எடுத்துக்கறோம்."

"எட்த்துக்கோங்க. தோள் குடுக்கறதுக்கு நாலு ஆளு நீயே பாத்துக்கோ. எங்க வூட்லயும் கொழந்தைங்க இருக்குது." அவர் கோபமாகச் சொல்லவில்லை. பின்னால் நின்றவர்களில் சிலர் தரையைப் பார்த்தார்கள்.

கடப்பாரை வந்துவிட்டது. கொண்டுவந்தவர் சுப்புராயன். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அரைத்துக் கொடுத்தவரும் அவர்தான். கடப்பாரையைக் கீழே ஊன்றிக்கொண்டு நின்றார். ஒரு பக்கமும் போகவில்லை.

மேற்கு அறையிலிருந்து பெரியநாயகியின் குரல் வந்தது.

"அங்க வாணாம்டா தங்கமணி. எங்கப்பாவ எட்த்துக்கினு போன எடத்துலயே எட்த்துக்கினு போலாம்."

ஜெயசுதா முதுகைச் சுவரிலிருந்து எடுத்தாள். மேற்கு அறைக்குள் போனாள். பெரியநாயகி எழுந்து செங்கல் ஒட்டின் எதிரே நின்றிருந்தார். சாக்பீஸ் கோட்டைக் கண்ணால் ஒரு சுற்று சுற்றினார்.

"கோடு யாரு போட்டது?"

"அவருதான்."

"தெரிஞ்சி போச்சா அவனுக்கு?"

"தெரியல அண்ணி. இது இன்னான்னு ரெண்டு மாசமா எல்லாரையும் கேட்டுக்கினு இருந்தோம்."

"எல்லாரையுமா?"

"உங்களத் தவிர."

பெரியநாயகி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். பிறகு தலைப்பை இறக்கிவிட்டுச் சொன்னார்.

"அறுவத்தெட்டுல அப்பா போனாரு, இதே மாதிரி அடைப்புல. இவனுக்கு ஆறு வயசு. எலவனாசூர்கோட்ட மாமன் வூட்ல கொண்டும்போய் வுட்டுட்டாங்க. திரும்பி வந்து இன்னா இதுன்னு கேட்டா, மழைல செவுரு வுழுந்துச்சின்னு சொல்லுன்னாங்க அம்மா. நானும் அதயேதான் சொன்னேன். அதுக்கப்பறம் பூசி மூடிட்டாங்க. மறந்துட்டான்." அவர் தம்பியைப் பார்த்தார். "இடிடான்னேன். கேட்டானா."

"அடச்சது யாரு அண்ணி?"

"ஆளு எவனும் வரல. பயம். எங்கம்மாதான் அடச்சிது, ஒண்டியா, மூணு நாளு. நான் சேறு மிதிச்சிக் குடுத்தேன்."

ஜெயசுதா குனிந்து, நான்கு விரல் தடத்தைத் தேடித் தொட்டாள்.

"செங்கல்லு ஏது?"

"மாட்டுத் தொட்டிய ஒடச்சி."

"அஞ்சடியோட ஏன் நிறுத்துனாங்க?"

"அவ்ளோதான் ஒடச்சது. தூக்கறவங்க குனிஞ்சிதான் போனாங்க."

கூடத்தில் யாரோ ஒரு பெண் இன்னொருத்தியிடம், "புருசன் கெடக்கறாரு, அது செங்கல்லு கணக்கு கேக்குது பாரு," என்றாள். ஜெயசுதாவுக்கு அது கேட்டது. அவளுக்கு இன்னும் ஒரு கேள்வி இருந்தது.

"எதுக்கு அடைக்கணும்? அப்படியே வுட்டா இன்னா?"

"போன வழியாத்தான் திரும்பி வருவாங்களாம். வந்து பாத்தா வழி இருக்கக் கூடாது. பதினாறாம் நாளுக்குள்ள அடச்சிடணும்."

ஜெயசுதா தலையாட்டினாள். பிறகு கட்டில் பக்கம் திரும்பி, "வாசப்படியும் இல்ல, ஜன்னலும் இல்ல," என்றாள். சாதாரணமாக, வேலைக்கு நடுவில் சொல்வதுபோலச் சொன்னாள்.

சுப்புராயன் சாக்பீஸ் கோட்டின்மேலேயே கடப்பாரையைப் போட்டார். சேறு வைத்துக் கட்டியது என்பதால் செங்கற்கள் உடையாமல் ஒவ்வொன்றாகக் கழன்றன. அவற்றைக் கூட்டத்தில் இருந்தவர்கள் கைமாற்றி வாங்கி ஓரமாக அடுக்கினார்கள். இருபது நிமிடம் ஆனது. கடைசி வரிசையும் போனபின், எப்போதும் விளக்குப் போட்டே புழங்கிய அந்த அறையில் வெளிச்சம் விழுந்தது. அடுக்கிய செங்கல்லுக்கு அப்பால் மரவள்ளித் தோட்டமும், அதற்கு மேலே கல்வராயன் மலையும் தெரிந்தன. தோள் கொடுக்க நின்றவர்கள்கூட ஒரு கணம் மலையைப் பார்த்தார்கள். பிறகு குனிந்து, அய்யப்பனை வெளியே கொண்டுபோனார்கள்.

மார்ச் 8, பதினாறாம் நாள். காரியம் முடிந்து சாப்பிட்ட இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துப் பக்கம் சுப்புராயன் சேறு குழைத்து வைத்துவிட்டு, பழைய செங்கற்களைத் தண்ணீரில் நனைத்தார். பெரியநாயகி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அடைப்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போவது என்று இருந்தார். சுவர் இடைவெளியை மறைத்துக் கட்டியிருந்த தார்ப்பாயைக் கழற்றியாயிற்று.

"பொறுங்க மேஸ்திரி," என்றாள் ஜெயசுதா.

கழுத்திலிருந்து டேப்பை எடுத்தாள். பின்பக்கம் போய், சாய்ந்து நின்ற நிலையின்மேல் காய்ந்துகொண்டிருந்த துண்டை எடுத்து மடித்தாள். நிலையின் அகலத்தையும் உயரத்தையும் அளந்தாள். உயரம் ஆறேகால் அடி. திரும்பி வந்து சுவர் இடைவெளியின் முன் நின்றாள். சுப்புராயன் நிலை இருந்த பக்கத்தையும் அவளையும் பார்த்தார். கையிலிருந்த செங்கல்லைக் கீழே வைத்தார்.

"மேல ஒண்ணேகால் அடி எடுக்கணும்," என்றாள் அவரிடம். "உத்தரத்துக்கு நீங்க எவ்ளோ சொல்றீங்களோ, அது தனி."

"ஜெயசுதா," என்றார் பெரியநாயகி.

"அளவு எடுக்கறேன் அண்ணி."

"அவன் வந்துடுவான்டி."

ஜெயசுதா டேப்பின் ஒரு முனையை இடது ஓரத்தில் வைத்து இழுத்தாள். உடைந்த மண்ணில் முனை நிற்கவில்லை. நழுவியது. மறுபடி வைத்தாள். மறுபடி நழுவியது. மூன்றாவது முறை பெரியநாயகி முழங்காலில் கை ஊன்றி எழுந்துவந்து, அந்த முனையைக் கட்டைவிரலால் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"எவ்ளோ?" என்று கேட்டார்.

"நாலடி ரெண்டங்குலம். நிலை மூணே முக்கா."

"மிச்சத்துக்குப் பழைய செங்கல்லு வெச்சிக்கோ."

மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை, சுப்புராயன் நிலையை நிறுத்தினார். புளித்திருந்த கடுக்காய்த் தண்ணீர் சுற்றுப் பூச்சுக்குச் சரியாக இருந்தது. மணலை ஜெயசுதா சலித்தாள். அறையின் உள்பக்கக் கதவு ஆகஸ்ட் வரை பூட்டியிருக்கும். மேற்குக் கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்கவில்லை.